யாருக்கு வெற்று?

தமிழில் அறிவியல் எழுதுவோர் ‘வெற்றிடம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இலக்கியம் பேசுவோராகிய நாம் அதே சொல்லைப் பற்றிக்கொண்டு சூனியம், பாழ், பூரணம் என்று வேறு திசையில் பறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. வெற்றிடம் என்றால் யாருக்கு வெற்று? சொல் விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு 1970-களின் நடுவிலிருந்து இயற்பியலில் திட்டமான விடை இருக்கிறது. ஓரிடத்தில் எதுவுமே இல்லை என்று சீரான வேகத்தில் செல்பவர் கூறுவார். அதே இடத்தை முடுக்கத்தோடு கடந்து செல்பவர் அங்கே வெப்பம் உண்டு, துகள்கள் உண்டு என்பார். இருவர் கூற்றும் சரியே. ஸ்டீபன் ஃபுல்லிங் 1973-இலும் பால் டேவிஸ் 1975-இலும் இதன் பகுதிகளைக் கண்டார்கள். கனடாவைச் சேர்ந்த வில்லியம் அன்ரூ 1976-இல் இதற்கு முழு வடிவம் கொடுத்தார். அன்ரூ விளைவு என்றே இன்று பெயர்.

இதைப் பற்றி ஒரு தமிழாசிரியன் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் என்று நீளும் எங்கள் புறநகர்க் கல்லூரிகளின் கருத்தரங்குகளில் குவாண்டம் வெற்றிடம் ஓர் அலங்காரப் பொருளாக உலவுகிறது. திருமந்திரத்தின் முப்பாழைத்தான் மேலைநாட்டார் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று முழங்கிவிட்டு அமர்கிறார்கள் ஒரு சாரார். பின்நவீனத்துவம் பயின்ற மறு சாராரோ, பார்ப்பவரே உண்மையை ஆக்குகிறார் என்பதை இயற்பியலே ஒப்புக்கொண்டுவிட்டது, இனிப் பிரதிக்கென்று தனியே ஒரு பொருள் கிடையாது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். முதல் சாராரோடு எனக்குச் சண்டை குறைவு. திருமூலருக்கு எந்த ஆய்வுக்கூடத்தின் சான்றிதழும் வேண்டியதில்லை. அவருடைய பாழ் அனுபவம் சார்ந்தது. அதற்கு அலகு கிடையாது. இரண்டாம் சாராரின் கூற்றுத்தான் கவனித்து மறுக்க வேண்டியது. ஏனெனில் அது பாதி சரி.

முதலில் அந்த வெற்றிடம் எத்தகையது என்று பார்த்துவிடலாம். மீட்டாமல் கிடக்கும் வீணைத் தந்தி அசையாமல் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். குவாண்டம் விதிப்படி எந்தத் தந்தியும் முற்றிலும் அசைவற்று இருக்க இயலாது. குறைந்தபட்ச நடுக்கம் ஒன்று அதற்கு எப்போதும் உண்டு. ஒளி முதலிய புலங்களை, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒன்றாக எண்ணற்ற தந்திகள் கொண்ட ஒரு வீணை என்று கற்பித்துக்கொள்ளலாம். ஒரு தந்தி ஒரு படி மேலேறி அதிர்ந்தால் அங்கே ஒரு துகள் இருக்கிறது என்கிறோம். எல்லாத் தந்திகளும் தத்தம் கடைசிப் படியில் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையே குவாண்டம் வெற்றிடம். அந்த நடுக்கம் வெறும் கற்பனை அன்று. மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர் கணக்கிட்டார். 1997-இல் ஸ்டீவ் லாமொரோ அந்த ஈர்ப்பை ஆய்வுக்கூடத்தில் நன்கு அளந்தே காட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிர்வெண் என்பது வினாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு. அந்த வினாடி யாருடைய கடிகாரத்தின் வினாடி?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அதில் நின்றுகொண்டே போய்வருபவர்களுக்கு முடுக்கத்தைப் பற்றித் தனியே பாடம் வேண்டாம். வண்டி சீராக ஓடும்போது மேலே தொங்கும் கைப்பிடிகள் நேராகத் தொங்கும். சானடோரியம் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது அவை பின்னே சாயும். குரோம்பேட்டையில் நிற்கப்போகும்போது முன்னே சாயும். சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டாலும் கைப்பிடி காட்டிக்கொடுத்துவிடும். வேகம் ஒப்பீட்டுக்குரியது. முடுக்கமோ, முடுக்கப்படுபவருக்கு வெளியே பார்க்காமலே தெரிந்துவிடுவது.

அதே தடத்தில் இன்னொன்றும் கேட்கும். நிற்காமல் கடக்கும் விரைவு வண்டியின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும். சீரான வேகத்தில் செல்பவருக்கு ஒரு சுருதி வேறொரு சுருதியாக மாறும், அவ்வளவுதான். அதனால் சீராகச் செல்வோர் அனைவரும் வெற்றிடத்தை வெற்றிடமென்றே காண்பர். எவருடைய நடுக்கத்திலும் வேறுபாடு இராது. இடைவிடாமல் முடுக்கப்படுபவரின் நிலை வேறு. அவர் காதில் சுருதி நிலையாக நிற்பதில்லை. கணந்தோறும் வழுக்கிக்கொண்டே போகிறது. வெளியே ஒற்றைச் சுவரமாக இருப்பது அவருடைய கடிகாரத்தில் பல சுவரங்களின் கலவையாகிவிடுகிறது. அந்தக் கலவையில் எதிர் அதிர்வெண்களும் வந்து சேர்கின்றன. குவாண்டம் கணக்கில் நேர் அதிர்வெண் பகுதி துகளைக் கழிக்கும் செயலோடும், எதிர் அதிர்வெண் பகுதி துகளைக் கூட்டும் செயலோடும் பிணைந்தவை. இரண்டும் கலந்தால் ஒருவருடைய ‘ஒன்றுமில்லை’ மற்றவருடைய பட்டியலில் துகள்களாக விழும். வியப்பு அந்த இடத்தில் முடிவதில்லை. எந்த அதிர்வெண்ணில் எத்தனை துகள் என்று எண்ணிப் பார்த்தால், சூடான பொருளின் ஒளிக்கு 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்ட அதே சூத்திரம் வந்து நிற்கிறது. அதாவது முடுக்கப்படுபவர் ஒரு வெதுவெதுப்பான குளியலில் இருக்கிறார். முடுக்கம் இருமடங்கானால் வெப்பநிலையும் இருமடங்கு.

வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. இலக்கிய வாசகர்க்கு அது எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன். ஒரே முடுக்கத்தோடு ஓயாமல் செல்பவரை ஒளி கூட எட்டிப்பிடிக்க முடியாத ஒரு பகுதி அவர் பின்னால் உருவாகிறது. அதன் விளிம்பை அடிவானம் என்பர். நம்மைப் பூமி ஈர்க்கும் அளவுக்கு ஒருவர் முடுக்கப்பட்டால், அந்த அடிவானம் அவருக்குப் பின்னே ஏறத்தாழ ஓர் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும். அதற்கு அப்பாலுள்ள செய்தி அவருக்கு ஒருபோதும் வந்து சேராது. வெற்றிடத்தின் நடுக்கங்களோ இருபுறமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. ஓர் ஓலையை நீளவாக்கில், ஒவ்வோர் எழுத்தும் பாதியாகும்படி கிழித்துவிட்டதாகக் கொள்ளுங்கள். சேர்த்து வைத்தால் செம்மையான பாடல். கையில் கிடைத்த பாதி மட்டும் வெறும் கீறல்களின் குழப்பம். முழுமையாகப் பார்த்தால் துல்லியமான ஒழுங்குடைய வெற்றிடம், பாதி மறைக்கப்பட்டவருக்கு வெப்பமாகத் தெரிகிறது. வெப்பம் என்பதே நம்மால் பின்தொடர இயலாமல் போன விவரங்களுக்கு நாம் இட்ட பெயர்தானே! கருந்துளைகள் வெப்பத்தை உமிழும் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. அங்கும் அடிவானம்தான் கதாநாயகன்.

எவ்வளவு வெப்பம்? இங்கேதான் நம் சொற்பொழிவாளர்கள் கேட்காமல் விட்டுவிடும் எண்கள் வருகின்றன. பூமியின் ஈர்ப்புக்கு நிகரான முடுக்கத்தில் கிடைக்கும் வெப்பநிலை, தசமப் புள்ளிக்குப் பின் 19 சுழியங்களை இட்டு அடுத்து 4 எழுதினால் வரும் கெல்வின். மின்ரயில் வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வேகம் கூட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், நின்று செல்லும் பயணிக்குக் கிடைப்பது இதிலும் இருபதில் ஒரு பங்கு. ஒரே ஒரு கெல்வின் வேண்டுமென்றால் வினாடிக்கு வினாடி 25-க்குப் பின் 19 சுழியங்கள் இட்ட மீட்டர் அளவு முடுக்கம் தேவை. சாதாரணக் கணக்குப்படி பார்த்தால், ஓய்விலிருந்து ஒளியின் வேகத்தை ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் எட்டிவிடும் முடுக்கம் அது. ஆகவே நேராகச் செல்லும் முடுக்கத்தில் இந்த வெப்பத்தை எவரும் இன்னும் ஐயமறத் தொட்டுப் பார்த்ததில்லை. 2019-இல் சிகாகோவில், மிகக் குளிரவைத்த சீசியம் அணுக்களைக் கொண்டு இந்தக் கணக்கின் வடிவத்தைப் போலச்செய்து பார்த்தார்கள். அழகான பாவனை, நேர்ச்சான்று என்று அதைச் சொல்ல மாட்டேன். இருந்தும் இயற்பியலாளர் பெரும்பாலோர் அன்ரூ விளைவை ஐயுறுவதில்லை. குவாண்டம் புலக் கொள்கையையும் சார்பியலையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டபின் இதை மட்டும் மறுக்க வழியில்லை என்பதே காரணம்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். ஒருவருக்கு வெற்றிடம், மற்றவருக்கு வெப்பம் என்றால் உண்மை ஆளுக்கு ஆள் வேறு என்றுதானே ஆகிறது? எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். தமிழ்த்துறைக்காரர்களை ‘ஐயா’ என்றே அழைக்கும் பழைய பழக்கம் அவருக்கு. “ஐயா, சத்தம் கேட்டுதா இல்லையாங்கிறதுல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை. ஏன் கேட்டுதுன்னுதான் வேற வேற கதை சொல்றாங்க” என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொல்லிவிட முடியாது. துகள் பட்டால் ‘டிக்’ என்று ஒலிக்கும் ஓர் உணர்கருவியை முடுக்கப்படுபவர் தம்மோடு எடுத்துச் செல்கிறார். கருவி ஒலிக்கிறது. சூழ்ந்துள்ள வெப்பக் குளியலிலிருந்து ஒரு துகளைக் கருவி விழுங்கிக்கொண்டது என்பது அவர் தரும் விளக்கம். வெளியே சீராக நின்று பார்ப்பவருக்கும் அதே ஒலி கேட்கிறது. ஆனால் அவர் கணக்கில் அங்கே விழுங்குவதற்குத் துகளே இல்லை. கருவி ஒலித்த அதே செயலில் ஒரு துகளை உமிழ்ந்தது என்பார். அதற்கான ஆற்றல், கருவியைத் தள்ளிக்கொண்டு போகிற விசையின் செலவு. ஒருவர் கண்ட விழுங்கல் மற்றவர் கண்ட உமிழ்தல் என்பதை அன்ரூவும் ராபர்ட் வால்டும் 1984-இல் தெளிவாக விளக்கினார்கள். ஒலி பொதுவானது, உரை வேறு, ஓர் உரையிலிருந்து மற்றதற்குப் போகும் கணக்கோ இம்மியும் பிசகாதது.

இந்த இடத்தில் தாம்பரத்துக்காரன் என்ற முறையில் ஒருவரைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து 1951-இல் பட்டம் பெற்றவர் ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கத்தவர். 1980-களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார், 2018-இல் மறைந்தார். ஒளியினும் விரைந்து செல்லும் துகள்கள் இருக்கக்கூடுமா என்று பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடு சேர்ந்து அவர் 1962-இல் எழுதிய கட்டுரையில் இதன் நிழல் தெரிகிறது. அத்தகைய துகளை ஒருவர் உமிழப்பட்டதாகக் கண்டால், வேறு வேகத்தில் செல்லும் இன்னொருவர் அது விழுங்கப்பட்டதாகக் காண நேரும். அதனால் முரண்பாடு எதுவும் விளையாது, நிகழ்வைத் திருப்பிப் படித்துக்கொண்டால் போதும் என்பது அவர்கள் வாதம். அத்துகள்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அன்ரூ விளைவின் முன்னோடி என்று அந்தக் கட்டுரையைச் சொன்னால் அது ஊர்ப்பாசம் ஆகிவிடும். ஆயினும் நிகழ்வு வேறு, நிகழ்வுக்கு நோக்கர் தரும் வாசிப்பு வேறு என்று பிரித்துப் பார்த்த அந்தத் துணிவு, இருபதாண்டுகளுக்குப் பின் அன்ரூவும் வால்டும் எழுதியதற்கு வெகு தொலைவில் இல்லை.

நம் நாட்டில் இப்பொருளை விடாமல் துருவியவர் தாணு பத்மநாபன். திருவனந்தபுரத்தில் 1957-இல் பிறந்தவர். புனேயிலிருந்து பணியாற்றி 2021-இல் காலமானார். ‘முடுக்கப்பட்ட உணர்கருவி ஏன் ஒலிக்கிறது?’ என்ற பொருளில் 1985-இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டவர். குழந்தை கேட்பது போன்ற இந்த ‘ஏன்’ எனக்கு மிகவும் பிடிக்கிறது. அவருடைய மாணவர் எல். ஸ்ரீராம்குமார் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். தாம்பரத்தில் ஏறினால் எட்டாவது நிலையமான கிண்டியில் இறங்கி அங்கே போய்விடலாம். அந்தக் கருவிகள் உண்மையில் உணர்வது எதை என்ற கேள்வியையே அவர் எடுத்துக்கொண்டார்.

அக்கேள்வியின் கூர்மை, நேராக அல்லாமல் வட்டமாகச் சுற்றுபவரிடம் தெரியும். சுற்றுவதும் முடுக்கமே. ஆனால் சுற்றுபவருடைய ஆயத்தில் இருந்துகொண்டு அதிர்வெண்களைக் கணக்கிட்டால் எதிர் அதிர்வெண் எதுவும் கலப்பதில்லை. கணக்குப்படி அவருக்கும் வெற்றிடம் வெற்றிடமே. அவர் கையில் ஓர் உணர்கருவியைக் கொடுத்துப் பார்த்தால் அது ஒலிக்கிறது! துகள் இல்லை என்கிறது கணக்கு, கருவியோ ஒலிக்கிறது. இந்த முரண் 1980-களின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. எனவே ‘துகள் இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கே இரண்டு பொருள்கள் உண்டு என்றும், அவை எப்போதும் ஒன்றுபடா என்றும் ஆகிறது. ஜான் பெல்லும் லைனாஸும் 1983-இல் இந்த வட்டப் பாதையையே சோதனைக்களமாகக் காட்டினார்கள். சேமிப்பு வளையங்களில் சுற்றும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசைக்குத் திரும்பிக்கொண்டே வந்து, 100 விழுக்காட்டை எட்டாமல் 92.4 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. நிறைவு பெறாத அந்த மிச்சத்தில் முடுக்கத்தின் வெப்பம் கலந்திருக்கிறது என்று வாதிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது, குறைபாடு ஒன்று சாட்சியாக அழைக்கப்பட்டிருப்பது.

மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. இன்மையை அறிவது எப்படி என்று நம் தருக்கநூலார் சலிக்காமல் வாதிட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்று மொட்டையாகச் சொல்ல அவர்கள் எவரையும் விட்டதில்லை. எது இல்லை? எங்கே இல்லை? இந்த இரண்டுக்கும் விடை சொன்னால்தான் இன்மை வாக்கியம் நிறைவு பெறும். குடம் இல்லை என்பது போதாது. இந்தத் தரையில் குடம் இல்லை என்க வேண்டும். அன்ரூ செய்தது மூன்றாவதாக ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது: எவருடைய கடிகாரப்படி இல்லை? அன்றே நம்மவர் சொல்லிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்றாம் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கான தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. இன்மை என்பது முழுமை பெறாத சொல், அதற்கு நிரப்பிகள் வேண்டும் என்ற இலக்கண உணர்வு மட்டும் நம்மிடம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. அந்த உணர்வை விட்டுவிட்டுச் சூனியம் என்று புகைமூட்டம் போடுவது நமக்கு அழகன்று.

பத்மநாபன் இதற்கும் மேலே போனார். வெளியின் எந்தப் பகுதியையும் முடுக்கப்படும் ஒருவர் சூடானதாகக் காண முடியும். சூடேறக்கூடிய எதற்கும் உள்ளே நுண்துணுக்குகள் உண்டு என்பது போல்ட்ஸ்மன் காட்டிய பாதை. எனவே வெளிக்கும் அணுக்கள் போன்ற ஏதோ ஒரு நுண்கட்டமைப்பு உண்டு. ஈர்ப்பு என்பது அதன் மொத்த நடத்தை என்றார். தண்ணீரின் ஈரம் தனித்தனி மூலக்கூறில் இல்லாதது போல. மனத்தைக் கவரும் எண்ணம் இது. ஆனால் வெப்பம் நோக்கரைச் சார்ந்தது என்று நிறுவிய கையோடு, அந்த வெப்பத்தைச் சான்றாகக் கொண்டு நோக்கரைச் சாராத அணுக்களுக்குத் தாவுவதில் ஒரு படி இன்னும் கட்டப்படாமல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கட்டுவதற்கு அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

பார்ப்பவரே உண்மையை ஆக்குகிறார் என்போரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அன்ரூவின் இரு நோக்கரும் ஒலியை ஆக்கவில்லை. அதை எப்படி வாசிப்பது என்பதிலும் அவர்கள் விருப்பம்போல நடக்கவில்லை. அவரவர் முடுக்கம் எதுவோ அதுவே அவரவர் வாசிப்பைத் தீர்மானிக்கிறது. அகப்பாடல்களில் சிறைப்புறம் என்ற சூழலை நாம் அறிவோம். வேலிக்கு அப்பால் தலைவன் நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுகிறாள். தலைவிக்கு அது ஆறுதல்; அதே சொற்கள் மறைந்து நிற்பவனுக்கு, விரைந்து மணந்துகொள் என்னும் நெருக்குதல். இரண்டு பொருளும் உண்மை; ஆனால் மூன்றாவதாக நான் ஒன்றை இட்டுக்கட்டினால் அகப்பொருள் இலக்கணம் என்னைத் தடுத்து நிறுத்தும். நிற்கும் இடத்துக்கேற்பப் பொருள் மாறும், மாறும் முறைக்கு விதி உண்டு என்பது வகுப்பில் நாங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாடம். உரையாசிரியர்கள் துறை வகுப்பதில் மாறுபடுவார்கள். எதிரே உள்ள சொல்லில் மாறுபட மாட்டார்கள். (பாடபேதம் தனிக்கதை. அதை இங்கே இழுத்தால் கட்டுரை முடியாது.) வாசகன் தன் விருப்பப்படி எதையும் படிக்கலாம் என்ற உரிமைப் பத்திரத்தை இயற்பியலிடம் வாங்க வந்தவர்கள், அங்கே நம் இலக்கணத்தைவிடக் கடுமையான இலக்கணம் இருப்பதைக் காண்பார்கள்.

சொல்லைப் பற்றி ஒன்று. ‘வெற்றிடம்’ என்பதில் உள்ள ‘இடம்’தான் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன். காற்றை உறிஞ்சிவிட்ட குடுவைக்கு அச்சொல் மிகப் பொருத்தம். இங்கே பேசப்படுவதோ ஓர் இடம் அன்று. ஒரு புலத்தின் நிலை. ‘வெற்றுநிலை’ என்று சொன்னால், யாருக்கு வெற்று, எதற்கு வெற்று என்ற கேள்விகள் தாமாகவே ஒட்டிக்கொண்டு வரும். நம் இயற்பியல் நண்பரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். பிறகு மேல்நிலை வகுப்புப் பாடநூலில் ‘வெற்றிடத்தின் விடுதிறன்’ என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டார் போலும். “தேர்வுல எழுதினா திருத்துறவர் மார்க் போடுவாரா ஐயா?” என்று கேட்டார்.